முதல் அத்தியாயத்துலயே என்னைக் கொன்னவ

என் தங்கச்சி எழுத்தாளர். இதை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. அடுத்த மாசம் அவளோட நாவல் வருது, அதுக்குள்ள பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்க வரைக்கும் சேதி போயாச்சு. பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளைங்களுக்கான மாயாஜாலக் கதையாம். ஊர்ல இருக்கிற எல்லாரோட தூக்கத்தையும் ஒரு மந்திரவாதி திருடி ஜாடியில அடைச்சு வெச்சுடறான். ஒரு பொண்ணு ஏரிக்கு அடியில போற படிக்கட்டுல இறங்கிப் போய் அதை மீட்டுட்டு வர்றா. ‘ஏழாவது படிக்குக் கீழே’ன்னு பேரு. பேப்பர்ல அவ போட்டோவும் போட்டிருந்தாங்க, கன்னத்துல கை வெச்சுக்கிட்டு எங்கேயோ பாத்துக்கிட்டு. வீட்டுல அவ அப்படி உக்காந்து நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

எனக்கு வயித்தெரிச்சல்தான். சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது, அதனால முதல்லயே சொல்லிடறேன். ஆனா புத்தகத்துக்காக இல்ல. அவ எத்தனை புத்தகம் வேணா போடட்டும், எனக்கென்ன வந்துச்சு. என் பொண்ணுக்காக. குட்டின்னு கூப்பிடுவோம், இப்ப என்னை விட ஒரு சாண் உயரம். பத்தாவது முடிச்சிருக்கா. இனிமே ரெண்டு வருஷம் சித்தி வீட்டுலயே இருந்து படிக்கிறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. சித்தி வீடு ஊரோட அந்தக் கோடியில, தினமும் பஸ்ஸுல போய் வந்து படிக்க முடியாது. அங்க பக்கத்து ஸ்கூல்ல ஓவியமும் இலக்கியமும் சேத்துப் படிக்கலாமாம், நம்ம பக்கத்துல அது இல்லையாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள நான் ஆமான்னோ இல்லைன்னோ சொல்லியாகணும்னு இருந்துச்சு.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கிட்ட கேட்டா, “நீ என்ன சொல்றியோ அதுதான்” அப்படின்னு சொல்லிட்டு ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவார். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட் மாதிரி ஒரு மனுஷன். மேலேயும் வரமாட்டார், கீழேயும் போகமாட்டார். ஆக மொத்தம் நான் ஒருத்திதான் கெட்டவ.

தங்கச்சி கதையை நான் சொல்றேன், கேளுங்க. நான் சொன்னாத்தான் நேரா இருக்கும். ‘சிறு வயதிலிருந்தே கனவு காண்பவர்’னு பேப்பர்ல எழுதியிருந்தாங்க. கனவாவது மண்ணாங்கட்டியாவது. படுத்தா குறட்டைதான், பக்கத்துல படுத்துக் கிடந்தவ நான். படிப்பை முடிச்சதும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலைக்குச் சேந்தா. லென்ஸைத் துடைச்சு ஃபிரேம்ல மாட்டி, வந்தவங்க மூக்குல வெச்சுப் பாத்து, காதுக்குப் பின்னாடி அழுத்துதான்னு கேட்டுக் கேட்டு வளைச்சுக் குடுக்கிற வேலை. மத்தியானத்துல அங்க ஈ காக்கா வராது. அந்த நேரத்துல கண்ணாடி அலமாரிக்குப் பின்னாடி உக்காந்து எழுத ஆரம்பிச்சவதான். இன்னிக்கும் அதே கடையிலதான் இருக்கா.

முதல்ல ஒரு குழந்தைங்க பத்திரிகைக்கு விடுகதை எழுதிப் போட்டா. அப்புறம் பொம்பளைங்க படிக்கிற வாரப் பத்திரிகையில கதை. அந்தப் பத்திரிகைக்காரர் ஒரு சட்டம் வெச்சிருந்தார், கடைசிப் பத்தியில கதாநாயகி அழணும். இவளும் அழ வெச்சா. பஸ்ஸுல ஒருத்தி, ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒருத்தி, குழாயடியில ஒருத்தி, இப்படி வாராவாரம் ஒருத்தி அழுதா. அது அலுத்துப்போய் டிவி சீரியலுக்கு வசனம் எழுதப் போனா. அங்க ஒரு வருஷத்துக்கு இழுக்க வேண்டிய மாமியார் சண்டையை, மனசு கேக்காம, ரெண்டாவது வாரமே மாமியாரை மன்னிப்புக் கேக்க வெச்சு முடிச்சுட்டா. அன்னிக்கே அவளையும் முடிச்சு அனுப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு சிறுகதைத் தொகுப்பு வந்துச்சு. வந்த வேகத்துல கட்டுக் கட்டா திரும்பியும் வந்துச்சு. அவ இருக்கிறது மூணாவது மாடியில ஒத்தை ரூம், வெக்க இடமில்லைன்னு என் கடைப் பரண்ல ஏத்தினோம். என் கடைன்னா டிரை கிளீனிங் கடை. கோட்டு, கம்பளி, கர்ட்டன், எது வந்தாலும் கறை எடுத்து, நீராவி இஸ்திரி போட்டு, சீட்டுக் குத்திக் குடுப்பேன். இஸ்திரி மேஜை ஒரு பக்கமா ஆடும். அதுக்குக் கீழ அவ புத்தகத்துல ரெண்டைக் குடுத்து நிறுத்தினேன், இப்ப வரைக்கும் ஆடல. அவளே அதைப் பாத்துட்டு, “பரவாயில்ல அக்கா, ஒருத்தருக்காவது பிடிப்பு குடுத்திருக்கே” அப்படின்னு சிரிச்சா.

சும்மா சொல்லக் கூடாது, அவ தோத்துக்கிட்டு இருந்த வரைக்கும் அவ மேல எனக்கு அவ்வளவு பாசம். வந்தா சோறு போட்டுத் திட்டுவேன், திட்டிட்டு இன்னொரு கரண்டி போடுவேன். ஆள் வந்து வாங்காமலே கிடந்த நல்ல கோட்டு ஒண்ணை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டேன். கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பத்திரிகையை விரிச்சு வெச்சு, இது என் தங்கச்சி எழுதினது, பாவம், யாரும் கண்டுக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லுவேன். இப்ப யாரும் என்னை அப்படிச் சொல்ல விடறதில்ல. பேப்பர் போட்டோவுல அவ போட்டிருக்கிறது அந்தக் கோட்டுதான்.

கல்யாணம் வேண்டாம்னுட்டா. அது அவ இஷ்டம், நாங்க யாரும் வற்புறுத்தல. பிள்ளை குட்டி இல்ல. அதுக்கு என் பிள்ளைதான் கிடைச்சுதா?

அனுப்பி வெச்சதே நான்தான், அதை நெனச்சாத்தான் என் தலையில நானே அடிச்சுக்கணும் போல இருக்கு. குட்டி ஏழாவது படிக்கும்போது திடீர்னு வீட்டுல பேச்சை நிறுத்திட்டா. என்னடின்னா ஒண்ணுமில்ல. பசிக்குதான்னா ஒண்ணுமில்ல. ரூம் கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். அந்தச் சமயம் அவளுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்துச்சு. சித்தி கடைக்குப் போய் சரி பண்ணிக்கிட்டு வான்னு அனுப்பினேன். போனவ சாயங்காலம் வரைக்கும் வரல. வந்தப்ப முகம் பளிச்சுன்னு இருந்துச்சு. சித்தி எழுதிக்கிட்டு இருந்த கதையைப் படிச்சுக் காட்டினாளாம், இவ ‘போர் அடிக்குது’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாளாம். சித்தி கோவிச்சுக்காம, எந்த இடத்துலன்னு கேட்டாளாம்.

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்த நாவல். அவங்க ரெண்டு பேரும் வேலை பாக்கிற விதமே தனி. வாரத்துல ரெண்டு நாள் குட்டி அங்க போவா. சித்தி ஒரு அத்தியாயத்தை உரக்கப் படிப்பா, இவ எதுத்தாப்புல சம்மணம் போட்டு உக்காந்திருப்பா. கதை இவளைப் பிடிச்சு வெச்சிருக்கிற வரைக்கும் கை சும்மா இருக்கும். அலுப்புத் தட்டினா தன்னை அறியாமலே நகத்துல இருக்கிற நெயில் பாலிஷைச் சுரண்ட ஆரம்பிச்சுடுவா. சித்தி படிச்சுக்கிட்டே ஓரக்கண்ணால அதைப் பாத்து, அந்த வரிக்குப் பக்கத்துல பென்சிலால ஒரு கோடு போட்டுக்குவா. மறுநாள் அந்த இடம் காலி. ஒரு அத்தியாயம் முழுக்கப் படிச்சும் பாலிஷ் உதிரலைன்னா அது தேறிடுச்சுன்னு அர்த்தம். இது எதுவும் தெரியாம நான், என்னடி இது, எலி கடிச்ச மாதிரி நகமும் நீயும்னு அவளைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அங்க வாய் ஓயாதவ இங்க வந்தா ஊமை. சிநேகிதியோட சண்டை, கணக்கு டீச்சர்கிட்ட பயம், ஒரு நாள் ஸ்கூல்ல மயக்கம் போட்டு விழப் பாத்தது, எல்லாம் எனக்குத் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். என் பொண்ணைப் பத்தி எனக்கே அவ நியூஸ் வாசிப்பா. “நான் சொன்னதாச் சொல்லாதே அக்கா” அப்படின்னு வேற முடிப்பா. உள்ளுக்குள்ள எனக்குத் திகுதிகுன்னு எரியும், வெளியில ‘அப்படியா’ன்னு கேட்டுக்குவேன்.

போன வாரம் பதிப்பகத்துல இருந்து புரூஃப் வந்துச்சு, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை பாக்கிற காகிதக் கட்டு. ஒரு கட்டைச் சித்தி குட்டிகிட்ட குடுத்திருக்கா, கடைசியா ஒரு தடவை படிக்கச் சொல்லி. அது எங்க சாப்பாட்டு மேஜை மேல கிடந்துச்சு. மேல் பக்கத்துல ‘என் அக்கா மகளுக்கு’ன்னு அச்சடிச்சிருந்துச்சு. பெத்தவ நான், அதுல எனக்குக் கிடைச்சது பாதி வரி, அதுவும் மகளுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. குட்டி தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள கட்டைத் துணிப் பைக்குள்ள போட்டுக்கிட்டுக் கடைக்குக் கிளம்பிட்டேன்.

எதுக்குன்னு கேப்பீங்க. என்னைத் தேடத்தான். அவ எழுதறதுல வீட்டு ஆளுங்க வராம இருக்கவே மாட்டாங்க. எங்கப்பாவோட இருமல் கூட ஒரு கதையில வந்திருக்கு. அதனால நானும் எங்கேயாவது இருப்பேன், கண்டிப்பா சூனியக்காரியாத்தான் இருப்பேன், என் பொண்ணு அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிச்சிருப்பான்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். இருக்கட்டும், கையும் களவுமா பிடிச்சுக்கிட்டா, வெள்ளிக்கிழமை ‘முடியாது’ன்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் ஆச்சு. இல்லைன்னா வெறும் பொறாமைன்னுதானே சொல்லுவாங்க?

கல்லாவுல உக்காந்து பிரிச்சேன். தேடவே தேவைப்படல. ரெண்டாவது பக்கத்துலயே அந்தப் பொண்ணோட அம்மா வந்துட்டா. எப்பவும் ஈரக்கை. சோப்பும் நீராவியும் கலந்த வாசனை. தெரு முனை வரைக்கும் கேக்கற குரல். வீட்டுல என்ன தொலைஞ்சாலும் போய் நின்ன இடத்துலயே எடுத்துக் குடுத்துட்டு, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குன்னு கேக்கறவ. அச்சு அசலா என்னைக் கொண்டுவந்து நிறுத்திட்டா. படிக்கப் படிக்க எனக்கே பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லல. சூனியக்காரி இல்லையே, நல்லவளாத்தானே போட்டிருக்கான்னு பக்கத்தைத் திருப்பினேன்.

செத்துட்டா. நாலு நாள் காய்ச்சல், ஒரே பத்தி, முடிஞ்சுது. ஒரு நல்ல மழை நாள்ல சாக விட்டிருக்கலாம், அது கூட இல்ல. உக்காந்து அழறதுக்கு யாருக்கும் நேரம் இல்ல. அடுத்த பத்தியில அந்தப் பொண்ணு பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு ஏரிப் பக்கம் கிளம்பிட்டா.

கோட்டுல மசி கொட்டிடுச்சு, போகுமான்னு ஒருத்தர் வந்து நின்னார். எதுவும் போகாது, போங்கன்னு சொல்லிட்டு ஷட்டரை இழுத்து விட்டேன்.

கண்ணாடிக் கடைக்கு நான் போனப்ப தங்கச்சி ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டி விட்டுக்கிட்டு இருந்தா. அவர் போகட்டும்னு பொறுத்துக்க என்னால முடியல.

“என்னைக் கொன்னுட்டியேடி” அப்படின்னேன்.

அந்தப் பெரியவர் புதுக் கண்ணாடி வழியா என்னையும் அவளையும் மாறி மாறிப் பாத்துட்டு, பில்லைக் கூட வாங்காம நடையைக் கட்டினார். தங்கச்சி என் கையில இருந்த கட்டைப் பாத்தா. எது வரைக்கும் படிச்சேன்னு கேட்டா. சாவு வரைக்கும், அதுக்கு மேல எனக்கு அங்க என்ன வேலைன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதுதான் தப்பாப் போச்சு. இத்தனை வருஷமா உள்ள வெச்சிருந்ததை எல்லாம் கொட்டிட்டேன். நான் பத்து மாசம் சுமந்து பெத்ததை நீ படிச்சுக் காட்டியே வளைச்சுப் போட்டுட்டே, போதாததுக்கு அவ காதுலயே என்னைக் கொன்னும் காட்டிட்டியேன்னு சொன்னேன். கடைசியா, சொல்லக் கூடாததையும் சொன்னேன்.

“பிள்ளை வேணும்னா பெத்துக்க வேண்டியதுதானே?”

அவ ஒரு லென்ஸை எடுத்துத் துடைச்சா. துடைச்சதையே மறுபடியும் துடைச்சா. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னா. நான் உக்காரல. நின்னுக்கிட்டே கேட்டேன்.

முதல்ல எழுதினப்ப அம்மா உயிரோடதான் இருந்தாளாம். பொண்ணு கிளம்பினா அவளும் கூடவே கிளம்பிடுவா. மந்திரவாதி வந்து வாசல்ல நின்னான், அம்மா அவனைப் பாத்து, காலைத் துடைச்சுட்டு உள்ள வான்னா, அவன் துடைச்சான். அதோட அவன் மந்திரவாதியா இருக்க லாயக்கில்லாம போயிட்டான். சரின்னு ரெண்டாவது தடவை அம்மாவுக்குக் காலை உடைச்சு வீட்டுல படுக்க வெச்சாளாம். அவ நொண்டிக்கிட்டே டார்ச்சும் சாப்பாட்டுப் பாத்திரமுமா ஏழாவது படிக்கு வந்து சேந்துட்டாளாம். அம்மா நல்லா இருக்கா, ஆனா கதை எங்கன்னு பதிப்பகத்துல இருக்கிற எடிட்டர் கேட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு ஒரு படி கூடத் தனியா இறங்கலையேன்னு.

“ஒரு மழைக்காலம் பூராவும் எழுதாம உக்காந்திருந்தேன் அக்கா. உன்னைச் சாகடிக்க எனக்கு மனசு வரல.”

அப்புறம் எப்படி வந்துச்சாம்னு கேட்டேன். சொல்லலாமா வேண்டாமான்னு அவ யோசிச்சது முகத்துல தெரிஞ்சுது.

“குட்டிதான் சொன்னா. ‘இந்த அம்மா உயிரோட இருக்கற வரைக்கும் அவ எங்கேயும் போக மாட்டா சித்தி. அம்மாவை விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு வராது. கொன்னுடு’ன்னா. சொல்லிட்டு ஓன்னு அழுதா. நான் எழுதறதை மூடி வெச்சுட்டு, போய் அம்மாகூட இருன்னு உன்கிட்ட அனுப்பினேன்.”

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நல்ல மழை. ஒரு காரணமும் இல்லாம குட்டி கடைக்கு வந்தா. நீராவி மெஷின் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து, கடை மூடற வரைக்கும் துணிக்குச் சீட்டுக் குத்திக் குடுத்துக்கிட்டு இருந்தா. கண்ணு சிவந்திருந்துச்சு. நீராவின்னு நெனச்சுக்கிட்டேன். என்னன்னு கூடக் கேக்கல. இன்னிக்குச் சித்தி வீட்டுக்குப் போகல, என்கிட்ட வந்திருக்கான்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம், அதுலயே மயங்கிப் போயிட்டேன்.

கட்டைப் பையில போட்டுக்கிட்டு வெளிய வந்து பஸ் ஏறினேன். இறங்கி நடந்துக்கிட்டே நெனச்சேன், என்னைக் கொல்லணும்னு தோணினதைக் கூட அவ சித்திகிட்டத்தான் சொல்லியிருக்கா. அதுக்கும் வயிறு எரிஞ்சுது. ஆனா அவ அழுதது எனக்காக. ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம, நேரா வீட்டுக்குப் போற வழியை விட்டு மார்க்கெட்டைச் சுத்திக்கிட்டுப் போனேன்.

வீட்டுல குட்டி மேஜைக்கு அடியில, சோஃபாவுக்குப் பின்னாடி எல்லாம் தேடிக்கிட்டு இருந்தா. நான் பையில இருந்து கட்டை எடுத்து மேஜை மேல வெச்சேன். அவ முகத்துல ரத்தமே இல்ல.

“படிச்சியாம்மா?”

“நான் சாகற வரைக்கும் படிச்சேன்.”

அது நீ இல்லம்மா, கதையில வர்ற அம்மான்னு முணுமுணுத்தா. ஈரக்கையோட ஊரெல்லாம் கேக்கக் கத்தறவ வேற யாரு இருக்கான்னு கேட்டேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் திட்டப் போறேன்னுதான் நெனச்சிருக்கணும். நானும் அப்படித்தான் நெனச்சேன். வாயைத் திறந்தா வேற வந்துச்சு.

“இங்க பாரு. அம்மா செத்தாத்தான் அந்தப் பொண்ணால கிளம்ப முடியும்னா, அது உங்க சித்தி கதை. நான் சாகறதா இல்ல. இங்கேயே இருப்பேன், கத்திக்கிட்டுத்தான் இருப்பேன். நான் உயிரோட இருக்கும்போதே நீ போ.”

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியல. புரிஞ்சதும் வந்து என்னைக் கட்டிக்கிட்டா. அவ அப்படிக் கட்டிக்கிட்டு எத்தனை நாளாச்சுன்னு எனக்குத் தெரியாது. என்னை விட உயரமானவளை எப்படிப் பிடிச்சுக்கிறதுன்னும் தெரியல, முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சனி ஞாயிறு இங்க வந்துடணும்னேன். ‘ம்’முன்னா. தினமும் பேசணும்னேன். அதுக்கும் ‘ம்’முன்னா.

அப்புறம் என்னை விட்டுட்டு, முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போனை எடுத்தா. யாருக்குன்னு சொல்லணுமா? சித்தி, அம்மா போகச் சொல்லிட்டான்னு அவ சொல்றது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினாங்க. நான் குழாயை மூடிட்டு, என்ன பேசறாங்கன்னு காதைக் குடுத்துக்கிட்டு நின்னேன்.